நகையும் அழுகையும்: கோல்ட்ஸ்மித்தின் நாடகமும் நம் சிவகாமி சரிதையும்

தொல்காப்பியனார் மெய்ப்பாடுகளை எட்டென வகுத்து, அவற்றுள் நகையை முதற்கண்ணும் அழுகையை அதனை அடுத்தும் நிறுத்தினார். இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என்பன அவற்றின் பின்னர் வருவன. சிரிப்பும் கண்ணீரும் ஒன்றற்கொன்று முற்றும் மாறுபட்டவை என்றே நாம் பொதுவாகக் கருதுகின்றோம். அவ்விரண்டும் அண்டை வீட்டார்போல் அடுத்தடுத்து அமர்ந்திருத்தலைக் கண்டு யாம் முதலில் வியந்தோம். ஆங்கில நாட்டின் 18ஆம் நூற்றாண்டு இலக்கியத்தைச் சிறிது பயின்ற பின்னர், அவ்வைப்பு முறையின் பொருத்தம் எமக்கு ஒருவாறு விளங்கிற்று. அதனை இங்கு எடுத்துரைக்க விரும்புகின்றோம்.

சென்ற கோடை விடுமுறையில் அபிராமபுரத்திலுள்ள தோழர் ஒருவர் இல்லத்தில் மாணவர் ஐவர் மாலைதோறும் கூடினோம். ஆலிவர் கோல்ட்ஸ்மித் இயற்றிய நாடகத்தில் ஒரு பகுதியை ஒருவர் படிப்பார். மற்றொருவர் அதன் பொருளைத் தமிழிற் கூறுவார். அவ்வில்லத்தில் வேலை செய்யும் அம்மையார் ஒருவர் எமக்குக் காப்பி கொணர்ந்து கொடுத்துவிட்டுக் கதவருகே நின்று கதை கேட்பது வழக்கமாயிற்று. நாடகம் முடிந்த நாளில் அவர் எம்மை ஒரு வினா வினவினார். அவ்வினா இன்னதென்பதை இறுதியிற் கூறுவோம். அதற்கு விடை தேடப் புகுந்ததன் பயனே இக்கட்டுரை.

அக்காலத்து நாடக மேடை

17ஆம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியில் ஆங்கில நகைச்சுவை நாடகம் கூரிய அறிவும் தளர்ந்த ஒழுக்கமும் உடையதாய் இருந்தது. அதனைத் திருத்த வேண்டுமென்று எண்ணியோருள் ரிச்சர்டு ஸ்டீல் என்பவர் ஒருவர். அவர் 1722இல் அரங்கேற்றிய ‘மனச்சான்றுடைய காதலர்’ என்னும் நாடகம் காண்போரை நகைப்பிப்பதினும் அவர்தம் கண்களை நனைப்பதையே பெரிதும் விழைந்தது. அதுமுதல் நகைச்சுவை நாடகம் என்னும் பெயரோடு அழுகை நாடகங்கள் பல தோன்றின. அவற்றில் வருவோர் பெரும்பாலும் நல்லவர். தவறு செய்வாராயினும் ஐந்தாம் அங்கத்தில் மனம் மாறுவர். காண்போர் கண்ணீர் உகுத்து, இத்துணை இளகிய நெஞ்சம் தமக்கு வாய்த்ததே என்று தம்மைத் தாமே மெச்சிக்கொண்டு வீடு திரும்புவர்.

அதே காலத்தில் ஆங்கிலக் கவிதையும் உருக்கத்தை நாடிற்று. எட்வர்டு யங் என்பவர் 1742 முதற்கொண்டு வெளியிட்ட ‘இரவுச் சிந்தனைகள்’ இறப்பையும் தனிமையையும் பாடிற்று. தாமஸ் கிரே என்பவர் நாட்டுப்புறக் கல்லறையில் உறங்கும் ஏழை உழவரை எண்ணி இரங்கிய பாடல் 1751இல் வெளிவந்தது. பெருமக்களின் வீரத்தைப் பாடிய கவிதை எளியோரின் துயரத்தின்பாலும் திரும்பியது நன்மையே. ஆயினும், ஒருவர் துயரைக் கண்டு இரங்குதல் வேறு. இரங்கும் தம் நெஞ்சைக் கண்டு தாமே மகிழ்தல் வேறு. இவ்வேறுபாட்டை நன்குணர்ந்தவர் கோல்ட்ஸ்மித்.

அவர் அயர்லாந்து நாட்டிற் பிறந்தவர். எளிய குருவானவர் ஒருவரின் புதல்வர். மருத்துவம் பயின்று அதில் நிலைபெறாது, ஐரோப்பிய நாடுகள் சிலவற்றிற் கால்நடையாகவே திரிந்து, இலண்டன் மாநகரில் எழுதுகோலையே பிழைப்பாகக் கொண்டு, ஓயாத கடனோடு வாழ்ந்து 1774இல் மறைந்தவர். 1768ஆம் ஆண்டு சனவரித் திங்களில் ஹியூ கெல்லி என்பவரின் அழுகை நாடகம் ஓர் அரங்கிலும், கோல்ட்ஸ்மித்தின் ‘நற்குணத்தான்’ மற்றோர் அரங்கிலும் அடுத்தடுத்து நடிக்கப்பெற்றன. கெல்லியின் நாடகத்தை மக்கள் கொண்டாடினர். கோல்ட்ஸ்மித்தின் நாடகத்திலோ, கடன் தண்ட வரும் அமீனாக்கள் தோன்றும் காட்சியை இழிந்ததென்று கூறிக் காண்போர் கூச்சலிட்டமையால் அக்காட்சியை நீக்க நேர்ந்தது. உயர்குடியினர் பேசும் மெல்லிய பேச்சே நாடகத்திற்குரியது, தெருவிற் கேட்கும் பேச்சு அதற்கு ஆகாது என்பது அக்காலத்தார் கருத்து.

கோல்ட்ஸ்மித் இதனை மறக்கவில்லை. 1773ஆம் ஆண்டின் தொடக்கத்தில் நகை நாடகத்தையும் அழுகை நாடகத்தையும் ஒப்பிட்டு ஒரு கட்டுரை வெளியிட்டார். மக்களின் குறைகளைக் காட்டி நகைப்பிப்பதே நகைச்சுவை நாடகத்தின் தொழில் என்றும், அத்தொழிலைக் கைவிட்டாற் சிரிக்கும் கலையையே ஒரு நாடு மறந்துவிடக் கூடும் என்றும் அதில் வாதித்தார். அவ்வாண்டு மார்ச்சுத் திங்கள் 15ஆம் நாள் அவரது ‘வெல்லத் தாழ்ந்தாள்’ என்னும் நாடகம் இலண்டன் கோவென்ட் கார்டன் அரங்கில் ஏறிற்று. அரங்கின் தலைவர் அது தோற்றுவிடும் என்று அஞ்சியிருந்தார். ஆனால் மக்கள் விலா நோகச் சிரித்தனர். தமக்குத் துணைநின்ற சாமுவேல் ஜான்சனுக்கே ஆசிரியர் அந்நூலை உரிமையாக்கினார்.

நகையின் நிலைக்களங்கள்

அந்நாடகத்தின் கதையைச் சுருங்கக் கூறுவோம். மார்லோ என்பான் செல்வக்குடியிற் பிறந்த இளைஞன். நாட்டுப்புறத்தில் வாழும் ஹார்ட்காஸில் என்னும் பெரியவரின் மகள் கேட் என்பாளைப் பெண் பார்க்கத் தன் நண்பனோடு புறப்படுகின்றான். வழி தப்பி ஒரு மதுக்கடையை அடைந்து வழி வினவ, அங்கிருந்த டோனி என்னும் குறும்பன், ஹார்ட்காஸிலின் பழைய பெரிய மனையையே வழிப்போக்கர் தங்கும் சத்திரம் என்று கூறி அனுப்பிவிடுகின்றான். டோனி வேறு யாருமல்லன். ஹார்ட்காஸில் மனைவியின் முதற்கணவர்க்குப் பிறந்த மைந்தன். பெண் கொடுக்கவிருக்கும் பெரியவரைச் சத்திரக்காரர் என்றே எண்ணிய மார்லோ, அவர் பேச்சை மதியாமல் உணவுப் பட்டியலைக் கொண்டுவரச் செய்து, அதிற் குற்றமும் கூறுகின்றான். தம் வீட்டிலேயே தாம் அவமதிக்கப்படும் காரணம் அறியாது பெரியவர் திகைக்கின்றார்.

மார்லோவிடம் ஒரு விந்தையான குணம் உண்டு. தன்னோடொத்த குடிப்பெண்டிர் முன்னர் நா எழாது. நிமிர்ந்து முகம் பார்க்கவும் மாட்டான். பணிப்பெண்கள் முன்னரோ அவனுக்குக் கூச்சமே இல்லை. கேட்டை முதன்முறை கண்டபொழுது அவன் தலை நிமிரவில்லை. ஆதலின் அவள் முகம் அறியான். மாலையில் அவள் தந்தை விருப்பப்படி எளிய வீட்டுடை உடுத்தி வர, அவளைச் சத்திரத்துப் பணிப்பெண்ணென்று மயங்கித் துணிவோடு கைப்பற்றவும் முற்படுகின்றான். அவன் உண்மை இயல்பை அறிந்துகொள்ள அவளும் அவ்வேடத்தையே மேற்கொள்ளுகின்றாள்.

தொல்காப்பியனார் நகைக்கு நிலைக்களன்களாக எள்ளல், இளமை, பேதைமை, மடன் என நான்கினைக் கூறினார். இந்நான்கும் இந்நாடகத்திற் குறைவின்றி அமைந்திருத்தல் காண்க. பிறரை ஏளனஞ் செய்து நகும் டோனியின் செயல் எள்ளல். வளர்ந்தும் வளராத பிள்ளையாய் அவன் தாயோடு மல்லுக்கு நிற்றல் இளமை. அத்தாய், வண்டியில் நெடுந்தொலைவு வந்து கள்வர் திரியும் வெளியில் அகப்பட்டதாக நடுங்கித் தன் தோட்டத்துக் குளத்தருகே தன் கணவரையே கள்வரென்று மயங்கி இரந்து நிற்றல் பேதைமை. மடன் என்பதற்குப் பிறர் ஏற்றியதை ஆராயாது ஏற்றுக்கொண்டு, ஏற்றதைப் பின் விடாதிருத்தல் என உரையாசிரியர் பொருள் கூறுவர். இதற்கு மார்லோவினும் சிறந்த எடுத்துக்காட்டு வேண்டுமோ? சத்திரம் என்று ஒருவன் சொன்ன ஒரே சொல் அவன் கண்ணையும் காதையும் மூடிவிட்டது.

ஏவலரைப் பற்றிய காட்சியொன்றும் இங்குக் கருதத்தக்கது. விருந்தினர் வருகின்றனர் என்று ஹார்ட்காஸில் தம் களத்திலும் ஏரிலும் பாடுபடும் ஆட்களை அழைத்து, உணவு மேசையருகே நிற்கும் முறையைப் பயிற்றுகின்றார். தாம் பேசும்பொழுது அவர்கள் பேச எண்ணுதல் ஆகாது, தாம் உண்ணும்பொழுது அவர்கள் உண்ண எண்ணுதலும் ஆகாது, தாம் கதை கூறும்பொழுது நகைத்தலும் ஆகாது என்கின்றார். அவருள் ஒருவன், ஐயா வழக்கமாகக் கூறும் ஒரு வேட்டைக் கதையை மட்டும் கூறாதிருக்க வேண்டும், அதற்குச் சிரிக்காமல் இருக்க இயலாது என்று வேண்டுகின்றான். தலைவர் தாமும் சிரித்து, அக்கதைக்கு மட்டும் விலக்கு அளிக்கின்றார். ஆண்டானும் ஏவலனும் ஒரே கதைக்குச் சிரித்துப் பழகிய வீடு அது. மார்லோவின் நகரத்து நாகரிகத்தில் அச்சிரிப்பிற்கு இடமில்லை.

அழுகையின் நிலைக்களங்கள்

அழுகை நாடகத்தை எதிர்த்த இதே ஆசிரியர் அழுகைப் பாடலும் இயற்றினார் என்பது வியப்பிற்குரியது. ‘துறவி’ என்னும் கதைப்பாட்டு 1765இல் தனியே அச்சிடப்பெற்று, மறு ஆண்டில் ‘வேக்பீல்டு குருவானவர்’ என்னும் அவரது புதினத்தினுள் இடம்பெற்றது. ‘பாழ்பட்ட சிற்றூர்’ 1770இல் வெளிவந்தது.

அழுகையின் நிலைக்களன்கள் இளிவு, இழவு, அசைவு, வறுமை என்னும் நான்கு. இளிவு பிறரால் இகழப்பட்டு எளியராதல், இழவு உரியவரை இழத்தல், அசைவு பண்டை நிலை கெட்டு வேறாதல், வறுமை வெளிப்படை. இவற்றுட் பின்னிரண்டும் ‘பாழ்பட்ட சிற்றூரி’ற்கு உரியன. பொதுநிலங்களைச் செல்வர் வேலியிட்டு வளைத்துக்கொள்ள, உழவர் குடிபெயர்ந்து கடல் கடந்து அமெரிக்காவிற்குச் செல்ல, ஓர் ஊர் வெறிச்சோடிய நிலையை அப்பாடல் கூறுகின்றது. அவ்வூர்ப் பள்ளி ஆசிரியரையும், சிறு வருவாயில் நிறைவுற்று வழிப்போக்கர்க்கும் இரவலர்க்கும் கதவு திறந்திருந்த குருவானவரையும் ஆசிரியர் நினைந்து பாடும் பகுதியில் அவர்தம் குடும்பத்தாரின் சாயல் உண்டென்பர்.

முன்னிரண்டு நிலைக்களன்களும் ‘துறவி’க்கு உரியன. இரவில் வழி தப்பிய இளைஞன் ஒருவன் காட்டில் ஒரு துறவியைக் கண்டு புகலிடம் வேண்டுகின்றான். துறவி அவனைத் தன் குடிலுக்கு அழைத்துச் சென்று, உயிர்க்கொலையின்றி அமைந்த காய்கனி உணவு படைக்கின்றான். வந்தவனுக்கு உணவில் மனம் செல்லவில்லை. காதலுற்றுத் துயருறுகின்றாய் போலும் என்று கருதிய துறவி, நட்பும் காதலும் வெறும் பெயர்களே என்று அறிவுரை கூற, வந்தவன் முகம் சிவக்கின்றது. அவன் ஆடவனல்லன், ஆணுடை பூண்ட நங்கை என்பது அப்பொழுது வெளியாகின்றது. அவள் தன் கதையைக் கூறுகின்றாள். அவள் பெருஞ்செல்வரின் ஒரே மகள். பொருளில்லாத எட்வின் என்னும் இளைஞன் அவளைத் தூய மனத்தோடு காதலித்தான். அவளோ அவன் அன்பை ஏற்பதுபோற் காட்டாமல், அவன் வருத்தத்தைக் கண்டு தன் பெருமையிற் களித்தாள். அவன் மனம் முறிந்து காடு புகுந்து மாய்ந்தான் எனக் கேட்டு, அவ்வாறே தானும் மாய்வதற்கு வந்தாள். இதனைக் கேட்ட துறவி அவளைத் தழுவிக்கொள்ளுகின்றான், அவனே எட்வின்.

இப்பாடல் வேறொருவர் பாடலினின்று களவாடப்பட்டது என்று 1767இல் ஒருவர் செய்தித்தாளிற் குற்றஞ் சாட்டினார். கோல்ட்ஸ்மித் அதனை மறுத்தார். அவருக்கு நண்பராகிய தாமஸ் பெர்சி நாட்டுப்புறத்துப் பழம்பாடல்களைத் தொகுத்து வெளியிட்ட காலம் அது. அப்பழம்பாடல்களின் காற்று அனைவர் மேலும் வீசிற்று. ஆகலின் ஒருவர் பாட்டில் மற்றொருவர் குரல் கேட்டல் இயல்பே. கொண்டதனைக் கொண்டு என் செய்தார் என்பதே நாம் வினவத்தக்கது.

இரண்டிற்கும் கருவி ஒன்றே

நாடகத்தையும் பாட்டையும் ஒருங்கு வைத்து நோக்குக. ஒன்றில் செல்வர் மகள் ஒருத்தி பணிப்பெண் வேடம் பூணுகின்றாள். மற்றொன்றில் செல்வர் மகள் ஒருத்தி வழிப்போக்கன் வேடம் பூணுகின்றாள். ஒன்றில் வழி தப்பியவன் சத்திரம் அல்லாத இல்லத்தை அடைகின்றான்; மற்றொன்றில் வழி தப்பியவள் துறவி அல்லாதவன் குடிலை அடைகின்றாள். இரண்டிலும் காதலர் நேருக்கு நேர் நின்றும் ஒருவரை ஒருவர் அறிந்திலர். கருவி ஒன்றாயிருக்க, ஒன்று நகையையும் மற்றொன்று அழுகையையும் விளைத்தது எங்ஙனம்?

காண்போர் நிற்கும் இடமே வேறு என்பது எம் கருத்து. நாடகத்தில் டோனியின் சூழ்ச்சியை நாம் முன்னமே அறிவோம். மார்லோ ஒருவனே அறியான். அறிந்தவர் அறியாதவனைக் காணுங்கால் நகை பிறக்கின்றது. பாட்டிலோ துறவி யாவன் என்பதை நாமும் அறியோம். அந்நங்கையோடு நாமும் இருளிலே நடந்து, அவளோடு ஒருங்கே உண்மையை அடைகின்றோம். உடன் நடந்தவர்க்குக் கண்ணீர் பிறக்கின்றது. மேலே நின்று காண்பது நகை. உடன் நின்று காண்பது அழுகை. அவற்றிற்கு இடையேயுள்ள தொலைவு ஒரு படியே. இவ்விரண்டனையும் தொல்காப்பியனார் அடுத்தடுத்து வைத்ததன் பொருத்தமும் இதுவாகலாம் என்று எண்ணுகின்றோம்.

அப்படியை மார்லோவே ஓரிடத்தில் இறங்குகின்றான். தான் சத்திரத்தில் இல்லை என்பதை அறிந்து வெட்கி அவன் புறப்படுங்கால், அவ்வீட்டின் ஏழை உறவினள்போல் நடிக்கும் கேட் கண்ணீர் விடுகின்றாள். அதுகாறும் விளையாட்டாய் இருந்தவன், அக்கண்ணீரால் முதன்முறையாக நெஞ்சுருகுகின்றான். பிறப்பும் பொருளும் வேறாயிருத்தலின் மணத்தல் இயலாதென்றும், தன்னை நம்பியவளைக் கெடுத்தல் தகாதென்றும் கூறி விலகப் பார்க்கின்றான். பின்னர் விலகவும் மாட்டாமல், அவ்வேறுபாடுகளைப் பொருட்படுத்தாது அவள் முன் மண்டியிடுகின்றான். அழுகை நாடகத்தை எள்ளிய ஆசிரியர் தம் நகை நாடகத்தின் நடுவே ஒரு துளிக் கண்ணீரை வைத்தார். அது காண்போர் தம்மை மெச்சிக்கொள்வதற்கு வைத்ததன்று. ஒருவன் கண் திறப்பதற்கு வைத்தது.

அவருக்குப் பின் வந்த ஷெரிடன் 1777இல் அரங்கேற்றிய ‘புறங்கூற்றுப் பள்ளி’யில், நாவெல்லாம் அறமொழி பேசி நெஞ்செல்லாம் சூது நிறைந்த ஜோசப் என்பானைப் படைத்து, உருக்கப் பேச்சின் பொய்ம்மையை முற்றிலும் வெளிப்படுத்தினார். ஆயின் பணிப்பெண்ணிடம் ஒருவன் நடந்துகொள்ளும் முறையே அவன் பண்பிற்கு உரைகல் என்னும் கருத்தைக் கோல்ட்ஸ்மித்தைப் போல் மேடையேற்றினார் பிறர் உளரோ, யாம் அறியோம்.

தமிழில் வந்த துறவி

கோல்ட்ஸ்மித்தின் நாடகம் நம் கல்லூரிகளிற் பாடமாய்ப் பலகாலும் பயிலப்பெற்றது. அவரது அழுகைப் பாடலோ தமிழாகவே பிறந்தது. திருவனந்தபுரத்தில் தத்துவப் பேராசிரியராய் விளங்கிய பெ. சுந்தரம் பிள்ளை 1891இல் ‘மனோன்மணீயம்’ என்னும் நாடகக் காப்பியத்தை வெளியிட்டார். அதன் முதற்கதை ஆங்கிலேயராகிய லிட்டன் பிரபு எழுதிய ‘மறைவழி’ என்னும் கதைப்பாட்டைத் தழுவியது. அதனுள் கிளைக்கதையாய் வரும் ‘சிவகாமி சரிதை’ கோல்ட்ஸ்மித்தின் ‘துறவி’யைத் தழுவியது. அந்நூலின் வாழ்த்துப் பாடற் பகுதியே 1970 முதல் தமிழ்நாட்டு அரசு விழாக்களிற் பாடப்பெற்று வருதலின், நூலின் பெயரை அறியாதார் இலர். ஆயினும் அதனுள் உறையும் சிவகாமியை அறிந்தார் சிலரே.

ஆசிரியர் செய்த மாற்றங்களுட் பெயர் மாற்றமே தலையாயது. ஆங்கில நங்கை சிவகாமி ஆனாள். காதலன் சிதம்பரன் ஆனான். இவை தில்லைத் திருக்கோயிலை உடனே நினைவிற்குக் கொணரும் பெயர்கள். ஆங்கிலப் பாட்டில் இரண்டு மானிடர் பிரிந்து கூடினர். தமிழ்ப் பாட்டிலோ தன் செருக்கால் இறைவனை இழந்த உயிர், அலைந்து திரிந்து, தன் எதிரே நின்றவனை அறியாது புலம்பி, முடிவில் அவனையே அடைந்தது என்னும் உட்பொருளும் தோன்றுகின்றது. தலைவனை நாடித் தலைவி உருகும் அகப்பாட்டையும், அதனைப் பத்தி நெறிக்குத் திருப்பிய திருக்கோவையாரையும் பயின்ற தமிழர்க்கு இஃது அயலாகத் தோன்றவில்லை. ஆகவே, இரவற்பொருள் என்று இதனை இகழ்தல் ஆகாது. கோல்ட்ஸ்மித் பழம்பாடற் காற்றிலே தம் விளக்கை ஏற்றினார். சுந்தரனார் அவ்விளக்கின் சுடரால் தம் வீட்டு அகலை ஏற்றினார். அகலும் நெய்யும் நம்முடையனவே.

நம் மேடை நகை

அழுகை இங்ஙனம் தமிழாக, நகை யாதாயிற்று? உண்மையில் நகை நாடகம் நமக்கு அயலிலிருந்து வர வேண்டியதில்லை. கோல்ட்ஸ்மித்தின் நூற்றாண்டிலேயே தமிழ்நாட்டில் குறவஞ்சியும் பள்ளும் செழித்திருந்தன. அந்நூற்றாண்டின் முற்பகுதியில் திரிகூடராசப்பக் கவிராயர் இயற்றிய ‘குற்றாலக் குறவஞ்சி’யில், தன் சிங்கி அணிந்துவந்த புதிய அணிகலன்களைக் கண்டு இன்னதென்று அறியாது சிங்கன் கேட்கும் கேள்விகள் பேதைமை பற்றிய நகைக்கு இலக்கியம். பள்ளு நூல்களிலோ உழைக்கும் பள்ளரும் பள்ளியரும் தம்மை ஏவும் பண்ணைக்காரனின் உருவையும் நடையையும் எள்ளி நகைப்பர். அங்கு நகை கீழிருந்து மேல்நோக்கிச் செல்லுகின்றது.

‘மனோன்மணீயம்’ அச்சேறிய அதே 1891ஆம் ஆண்டிற் சென்னையில் பம்மல் சம்பந்த முதலியார் சுகுண விலாச சபையைத் தோற்றுவித்தார். படித்தற்குரிய நாடகமும் நடித்தற்குரிய மேடையும் ஓராண்டிலேயே எழுந்தன. அவர் எழுதிய நகை நாடகங்களுட் பெயர் பெற்றது ‘சபாபதி’. 1941இல் அது திரைப்படமாகவும் வந்தது. அதில் தலைவன் பெயரும் சபாபதி, ஏவலன் பெயரும் சபாபதி. இருவர் அறிவும் ஏறத்தாழ ஒன்றே. ஏவலன் ஏவலை இயற்றும் முறைக்கு நாம் சிரிக்கின்றோம். ஆயின் அவனை ஏவுபவனும் மற்றொரு சபாபதியே என்பதனை அப்பெயர் நினைவூட்டிக்கொண்டே இருக்கின்றது.

அவ்வழியிற் பின்னர் மயிலாப்பூரைச் சூழ்ந்த சபா மேடைகளில் நகை நாடகம் பெருகிற்று. ஒருவரை மற்றொருவராக மயங்குதலே அவற்றின் ஓயாத கருவி. கிரேசி மோகன் உரையாடல் எழுதிய ‘மைக்கேல் மதன காமராஜன்’ என்னும் 1990ஆம் ஆண்டுத் திரைப்படத்தில் உருவொத்த நால்வர் அம்மயக்கத்தை விளைக்கின்றனர். அபிராமபுரத்துத் தெருக்களில் வாழ்வோர்க்கு அந்நகை குடும்பச் சொத்துப் போன்றது. ஆயினும் நம் மேடைகளில் நடிக்கப்பெறும் நாடகங்கள் பலவற்றில் சமையற்காரரும் வேலைக்காரியும் சிரிப்பு மூட்டுவதற்கே வந்து போகின்றனர் என்பதும் மறுக்கலாகாது. அவர்களைக் கண்டு நாம் சிரிக்கின்றோம். அவர்கள் நம்மைக் கண்டு சிரிக்கும் காட்சி அரிது.

அம்மையார் வினா

இனி, முதலிற் குறித்த வினாவிற்கு வருவோம். மார்லோவும் கேட்டும் மணம் புரிய உடன்பட, நாடகம் இனிது முடிந்தது என்று யாம் நூலை மூடினோம். அப்பொழுது அவ்வம்மையார் கூறினார்: “தம்பி, கல்யாணம் ஆனப்புறம் அந்தப் புள்ள நெசமாவே ஒரு சத்திரத்துக்குப் போறாருன்னு வெச்சுக்குங்க. அங்க நெசமாவே வேலை செய்யற பொண்ணு ஒண்ணு இருக்கும் இல்ல? அதுகிட்ட எப்படி நடந்துக்குவாரு?”

ஐவரும் வாய் திறவாதிருந்தோம். நூலைப் புரட்டினோம், அதில் விடை இல்லை. மார்லோ உருகியது பணிப்பெண்ணின் கண்ணீருக்கன்று; பணிப்பெண் வேடத்திலிருந்த செல்வர் மகளின் கண்ணீருக்கு. வேடம் களைந்தபொழுது எல்லாம் எளிதாயிற்று. அந்நாடகத்தில் மெய்யான பணிப்பெண் ஒருத்தியும் இருக்கின்றாள். தலைவியின் உடை மாற்றத்தைப் பற்றிப் பேசிச் செய்தி கூறுகின்றாள். அவள் யாதாயினாள் என்று யாம் ஒருவரும் கேட்டோமில்லை. இவ்வளவு நுண்ணறிவுடைய நாடகமும் காட்டாத மூலை ஒன்று உண்டென்பதை, அம்மூலையில் நிற்பவரே எமக்குக் காட்டினார்.

மற்றொன்றும் அப்பொழுது எம் கண்ணிற் பட்டது. அத்தனை மாலைகளும் அவர் நின்றுகொண்டே கதை கேட்டிருந்தார். அமருங்கள் என்று எம்முள் எவரும் கூறியதில்லை. கூடத்தில் நாற்காலிகள் இருந்தன. மார்லோவைக் கண்டு மேலே நின்று சிரித்தவர்களாகிய யாம் கீழ்ப்படியில் நின்றிருந்தோம் என்பதை உணர்ந்து நாணினோம். நகை நாடகத்தின் பயன் இதுவே என்று கோல்ட்ஸ்மித் கூறக்கூடும். ஆனால் அப்பயனை எமக்கு அளித்தது அவர் எழுதிய வரியன்று.

மறுநாள் மாலை ‘சிவகாமி சரிதை’யைப் படிக்கத் தொடங்கினோம். அம்மையாருக்கும் ஒரு நாற்காலி இடப்பட்டது; முதலில் மறுத்து, பின்னர் அதன் நுனியில் அமர்ந்தார். முனிவன் யாவன் என்பது வெளிப்படும் இடம் வந்தபொழுது, முன்னரே பயின்றிருந்தும் எம் தோழருள் இருவர் கண் கலங்கினர். அவரோ வாய்விட்டு நகைத்தார். ஏன் நகைத்தீர் என்று வினவினோம். “அந்தச் சாமியாரு காதலைப் பத்திக் கோவமாப் பேசறப்பவே எனக்குத் தெரிஞ்சுபோச்சு தம்பி” என்றார்.

முன்னறிந்தவர்க்கு நகை, உடன் நடந்தவர்க்கு அழுகை என்று யாம் பல நாள் எண்ணி வகுத்ததனை அவர் ஒரு நொடியில் மெய்ப்பித்துவிட்டார்.